அறியாமல் வாங்கியவர்: நிலக் கிரயத்தில் நல்லெண்ணத்தின் வரலாறு

1877-இல் வந்த குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுக்குக் கீழே இரண்டு சிறு உதாரணங்கள் இருந்தன. ஒருவர் தம் நிலத்தை 5,000 ரூபாய்க்கு விற்பதாக ஒப்பந்தம் செய்கிறார். பிறகு அதே நிலத்தை 6,000 ரூபாய்க்கு வேறொருவருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிடுகிறார். முந்தைய ஒப்பந்தம் இருப்பது தெரிந்தே இரண்டாமவர் வாங்கியிருந்தால், அவரிடமிருந்தே நிலத்தை எழுதி வாங்க முதலாமவருக்கு உரிமை உண்டு என்றது முதல் உதாரணம். அடுத்ததில், முதலாமவர் ஏற்கெனவே நிலத்தைத் தம் அனுபவத்தில் வைத்திருக்கிறார். இரண்டாமவர் அவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் பணத்தைக் கட்டிவிட்டார். விசாரிக்காமல் விட்டதே அவரைத் தெரிந்து வாங்கியவராக ஆக்கிவிடும் என்றது சட்டம். அந்த 1,000 ரூபாய் வித்தியாசத்துக்காக வாக்கு மாறியவர் பெரும்பாலும் பணத்தைச் செலவழித்துவிட்டு நிற்பார், அல்லது ஊரிலேயே இருக்க மாட்டார். நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்பது அவரால் ஏமாந்த இருவர். அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டவர் ஒரு பக்கம். முழு விலையும் கொடுத்துப் பத்திரம் பதிந்தவர் மறுபக்கம். இவர்களில் எவர் இழக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த நாடு காலந்தோறும் சொல்லிவந்த பதில்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. வாங்குபவரின் மனம் சுத்தமாக இருந்தது என்பதற்காக மட்டும் எந்தக் காலத்துச் சட்டமும் அவரைக் காத்ததில்லை. அவர் வாங்கியது ஊரறிய நடந்ததா, அறியக்கூடியதை அவர் தேடினாரா என்றுதான் கேட்டிருக்கிறது. ஆகவே நல்லெண்ணத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, தேடிப் பார்க்கக் கிடைக்கும் பொதுப் பதிவின் தரத்தை ஒருபோதும் மிஞ்ச முடியாது. இன்றைய சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் நில விற்பனையை அண்டை வீட்டார் முன்னிலையில் கூவி அறிவிக்கச் சொல்கிறது. உறவினர், பக்கத்து நிலக்காரர், கடன் கொடுத்தவர் ஆகியோருக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும்; அதற்குப் பிறகே வெளியாருக்கு. எல்லைகளைச் சொல்லி, விலையைச் சொல்லி, வாங்குபவர் உண்டா என மூன்று முறை கேட்க வேண்டும். யாரும் மறுக்காவிட்டால் வாங்கலாம். கி.பி. 1100-ஐ ஒட்டிக் கல்யாணியில் இருந்த விஞ்ஞானேசுவரர் தம் மிதாக்ஷரத்தில், நிலம் கைமாற ஊராரின் இசைவு ஏன் சொல்லப்பட்டது என்பதற்குத் தெளிவான விளக்கம் தருகிறார். ஊரார் அனுமதித்தால்தான் விற்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. விற்பனை வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பதே நோக்கம். பக்கத்து நிலக்காரரின் இசைவு கேட்பது எல்லைத் தகராறு வராமலிருக்க. உரிமையில்லாதவர் விற்ற பொருளை வாங்கியவர் பற்றி மனுஸ்மிருதி பேசும் இடத்திலும், பலர் அறியச் சந்தையில் வாங்கினாரா, மறைவில் வாங்கினாரா என்பதே அவரைத் திருட்டுக் குற்றத்திலிருந்து பிரித்துக் காட்டும் அளவுகோல்.

இவை நூல்கள் வகுத்த நெறிகள்தானே, ஊரில் நடந்ததற்கு என்ன சான்று என்று கேட்பது நியாயம். தமிழ்நாட்டுக் கோயில் சுவர்கள் அதற்கு விடை வைத்திருக்கின்றன. சோழர் கால விலையாவணக் கல்வெட்டுகள் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று நான்கெல்லையையும் ஒன்றுவிடாமல் சொல்கின்றன. உள்ளடங்கிய நிலம் எதுவும் ஒழியாமல் விற்றதாகக் கூறுகின்றன. விலைப்பொருள் ஆவணக்களரியில் முழுமையாகக் கைக்கு வந்துவிட்டது என்கின்றன. இந்த ஓலையே விலை ஆவணமும் பணம் செலுத்தியதற்கான ஓலையும் ஆகும், வேறொன்றைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை என்று முடிகின்றன. கீழே சபையோர், கணக்கர், சாட்சிகளின் கையெழுத்துகள். பொருள் முழுவதும் கைமாறிவிட்டது என்பதற்கு அன்று கொடுக்கப்பட்ட அழுத்தம் கவனிக்கத்தக்கது. பணத்தைக் கொடுத்து முடித்தவருக்கே பாதுகாப்பு என்ற இன்றைய விதியின் கவலையும் அதுவே. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய சுந்தரர் வரலாற்றிலும் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் ஓர் ஓலை வழக்கு வருகிறது. கிழவர் வேடத்தில் வந்த இறைவன் கையிலிருந்த படியோலை கிழிக்கப்பட்டதும் மூலவோலை வெளிவருகிறது. அதிலுள்ள பாட்டனாரின் கையெழுத்தைப் பாதுகாப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுத்தான் அவையோர் முடிவு சொல்கிறார்கள். வழக்காட வந்தவர் இறைவனே ஆனாலும், காப்பறையில் இருக்கும் ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று அந்தக் காலத்துக் கேட்போர் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

இதைப் பொற்காலமாக வரைவது பிழை. கல்லில் நிலைத்தவை பெரும்பாலும் கோயிலுக்கும் பிரமதேயத்துக்கும் போன நிலங்களின் ஆவணங்கள். சாதாரணக் குடியானவர் எழுதிய ஓலைகள் செல்லரித்துப் போயின. ஊரறிய என்பதில் ஊர் என்பது சபையில் வாய்திறக்க உரிமை பெற்றவர்களையே குறித்தது. நிலத்தில் இறங்கி உழுதவருக்கும் பெண்களுக்கும் அந்த அவையில் இடம் எவ்வளவு இருந்தது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அந்த அமைப்பில் ஒரு நேர்மை இருந்தது. விசாரி என்று வாங்குபவரிடம் சொன்ன ஊரே, விசாரித்தால் விடை சொல்லும் இடமாகவும் இருந்தது. தேடும் கடமையும் தெரிவிக்கும் கடமையும் ஒரே அவையில் கூடியிருந்தன.

கம்பெனி ஆட்சி இவ்விரண்டையும் பிரித்தது. வங்காளத்தில் 1793-இலும் சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டின் 17-ஆம் ஒழுங்குவிதி மூலமாகவும் பத்திரப் பதிவேடு வந்தது. பதிவது கட்டாயமில்லை, பதிந்த பத்திரத்துக்குப் பதியாததைவிட முன்னுரிமை, அவ்வளவுதான். அடுத்து வந்த 1843-ஆம் ஆண்டின் 19-ஆம் சட்டம் இன்னும் கடுமையாகப் போனது. பதிவு பெற்ற கிரயம் பதிவு பெறாத முந்தைய கிரயத்தைத் தோற்கடிக்கும். பதிந்தவருக்கு முந்தைய கிரயம் தெரியும் என்று எவர் சொன்னாலும் அது எடுபடாது. இதன் பின்னாலிருந்த கவலையை ஊகிப்பது கடினமில்லை. தெரியும் என்று இரண்டு சாட்சிகளைக் கூட்டிவந்து சொல்ல வைப்பது எளிது. மனத்துக்குள் இருந்ததை நீதிபதி பார்க்க முடியாது. புத்தகத்தில் இருப்பதை எவரும் பார்க்கலாம். ஆனால் விளைவு என்ன? எழுத்தறியாத, பதிவு அலுவலகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு குடியானவர், விலை கொடுத்து வாங்கி உழுதுகொண்டிருந்த நிலத்தை, எல்லாம் தெரிந்த ஒருவர் நகரத்துக்குப் போய்ப் பதிந்து பறித்துக்கொள்ளலாம். ஏமாற்றுக்கு அரசு முத்திரை கிடைக்கும் வழி அது. இன்றும் சிலர், பதிந்தவருக்கே சொத்து என்று ஒரே வரியில் சட்டம் போட்டுவிட்டால் வழக்குகளெல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். அந்த ஒரு வரியை இந்த நாடு ஏற்கெனவே எழுதிப் பார்த்துக் கைவிட்டிருக்கிறது என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

1864-ஆம் ஆண்டின் 16-ஆம் சட்டம் 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்து ஆவணங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. நாம் இன்று அறிந்த சார்பதிவாளர் அலுவலகங்களின் தொடக்கம் அதுதான். ஏறத்தாழ அதே காலத்தில், வேறொரு திசையிலிருந்து இங்கிலாந்தின் சமநீதிக் கோட்பாடு நம் நீதிமன்றங்களுக்குள் நுழைந்தது. 1872 இரு நாடுகளிலும் முக்கியமான ஆண்டு. லண்டனில் பில்ச்சர் எதிர் ராலின்ஸ் வழக்கில், விலை கொடுத்து, முந்தைய உரிமை எதையும் அறியாமல் சட்டப்படி உரிமை பெற்றவரை எதிர்த்துச் சமநீதி மன்றம் எதுவும் செய்யாது என்று தீர்ப்பாயிற்று. அதே ஆண்டில் பிரிவி கவுன்சில், கல்கத்தாவிலிருந்து போன ராம்குமார் குண்டு வழக்கைத் தீர்த்தது. மெக்டொனால்ட் என்ற ஆங்கிலேயர் தம்முடன் வாழ்ந்த பன்னு பீபி என்ற பெண்ணின் பெயரில் நிலம் வாங்கியிருந்தார். அந்த அம்மாளிடமிருந்து குண்டுவின் தந்தை விலை கொடுத்து வாங்கினார். பிற்பாடு மெக்டொனால்டின் மகள், உண்மையான உரிமையாளர் தம் தந்தையே என்று சொல்லி நிலத்தைக் கேட்டார். ஒருவரை உரிமையாளராக உலகத்தின் முன் நிறுத்திவிட்டு, அவரை நம்பி விலை கொடுத்தவரிடம் பிறகு சொத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்றது கவுன்சில். ஆனால் ஒரு நிபந்தனையும் சேர்த்தது: வாங்கியவருக்கு உண்மை தெரிந்திருக்கக் கூடாது, விசாரித்தால் உண்மை வெளிப்படும் என்ற சந்தேகத்தைக் கிளப்பும் சூழ்நிலையும் இருந்திருக்கக் கூடாது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இல் வந்தபோது இந்த வழக்கின் சாரமே அதன் 41-ஆம் பிரிவாயிற்று. வெளித்தோற்றத்தில் உரிமையாளராக இருப்பவரிடம் வாங்கியவர் தப்பிக்க வேண்டுமானால், விற்பவருக்கு விற்கும் அதிகாரம் உண்டா என்று தக்க கவனத்தோடு பார்த்திருக்க வேண்டும், அதன்பின் நல்லெண்ணத்தோடு நடந்திருக்க வேண்டும் என்று அப்பிரிவு இரண்டையும் தனித்தனியே கேட்கிறது.

ஒப்பந்தத் தகராறுக்கான விதி 1877-இன் 27-ஆம் பிரிவில் இருந்து, 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 19-ஆம் பிரிவாக இன்றும் நீடிக்கிறது. ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் தீர்ப்பு விற்பவரை மட்டுமல்லாமல் அவருக்குப் பின் உரிமை பெற்றவரையும் கட்டுப்படுத்தும். விலை கொடுத்து, பணத்தை நல்லெண்ணத்தோடு செலுத்தி முடித்து, முந்தைய ஒப்பந்தத்தை அறியாதிருந்தவர் மட்டுமே விலக்கு. இந்த வாக்கியத்தின் அமைப்பைப் பொறுத்தே வழக்கின் போக்கு அமைகிறது. ஒப்பந்தம் நிறைவேற வேண்டும் என்பது பொது விதி, அறியாமல் வாங்கியவர் என்பது விலக்கு; விலக்கைக் கோருபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று 1934-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. தெரியாது என்பதை ஒருவர் எப்படி மெய்ப்பிப்பார், இல்லாததற்குச் சாட்சி கேட்பது அநியாயம் என்ற எதிர்ப்பு அன்றிலிருந்து எழுந்துவருகிறது. அதில் பாதி நியாயம் உண்டு. நீதிமன்றங்களும் அதை உணர்ந்தே, கூண்டில் ஏறித் தெரியாது என்று சத்தியம் செய்து சொல்வதும், அந்தச் சொல்லுக்குப் பொருந்த நடந்திருப்பதும் தொடக்கத்துக்குப் போதும், அதன் பின் சுமை ஒப்பந்தக்காரர் பக்கம் நகரும் என்று வைத்திருக்கின்றன. கூண்டில் ஏறவே தயங்குபவருக்கும், ஊர் விலையில் பாதிக்கு வாங்கிவிட்டு ஏன் மலிவு என்று கேட்காதவருக்கும் அந்த இரக்கம் கிடைப்பதில்லை, கிடைக்கவும் கூடாது. தோற்றவர் கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்பதை 1953-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முதலாமவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் விற்றவரோடு இரண்டாமவரும் சேர்ந்து கையெழுத்திட்டுத் தம்மிடம் வந்த உரிமையைக் கைமாற்ற வேண்டும். தாம் விலை கொடுத்து வாங்கிய நிலத்தைத் தாமே எழுதிக் கொடுக்க வைக்கும் கடுமையான தீர்ப்பு இது.

இவ்வளவு கடுமை எதற்கு, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவே விற்பனை ஒப்பந்தம் நிலத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறதே, பிறகு வெறும் அக்ரிமென்ட்காரருக்காகப் பத்திரம் பதிந்தவரை ஏன் வதைக்க வேண்டும் என்று கேட்கலாம். கிரயதாரர் தரப்பின் மிகப் பலமான வாதம் இதுதான். ஆனால் ஒப்பந்தக்காரர் இரண்டாமவரிடம் கேட்பது நிலத்திலுள்ள உரிமையை அன்று. பிறர் கொடுத்த வாக்கு இருப்பதை அறிந்தே அதை முறிக்கத் துணை போனவர், அந்த முறிவின் பலனை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே அவர் கேட்பது. அறியாதவர்மீது இந்தக் குறை சாராது; அதனால்தான் விலக்கு. எனவே முழு வழக்கும் ஒரே புள்ளியில் வந்து நிற்கிறது: எதை அறிந்ததாகக் கொள்வது?

இந்தப் புள்ளியில் சென்னை உயர் நீதிமன்றம் வாங்குபவர் பக்கம் சாய்ந்து நின்ற ஒரு காலம் இருந்தது. ஒரு பத்திரம் பதிவாகியிருக்கிறது என்பதாலேயே உலகம் அதை அறிந்ததாகிவிடாது என்ற நிலையை அது 1892-இல் எடுத்தது. பம்பாயின் பார்வை நேர்மாறானது. சென்னையின் தயக்கத்தில் நடைமுறை அறிவு இருந்தது. அன்று ஒரு சொத்தின் வரலாற்றைத் தேடுவதென்றால் அலுவலகத்துக்கு நேரில் போய், ஆட்பெயர் அட்டவணையையும் சொத்து அட்டவணையையும் ஆண்டுக்கு ஆண்டு புரட்ட வேண்டும். பெயர் ஒவ்வொரு பத்திரத்தில் ஒவ்வொரு விதமாக இருக்கும். இதைச் செய்யவில்லை என்பதற்காக ஒருவரை வஞ்சகரோடு ஒரே தட்டில் வைக்கலாமா? 1920-இல் பிரிவி கவுன்சில் நடுவழி சொன்னது: தேடாமல் விட்டது பெரும் கவனக்குறைவா என்பதை அந்தந்த வழக்கின் சூழலை வைத்தே பார்க்க வேண்டும். 1929-இன் திருத்தச் சட்டம் இந்த விவாதத்தை முடித்துவைத்தது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் சேர்ந்த விளக்கம், பதிவு கட்டாயமான ஆவணம் பதிவான நாள்முதல் அதை எல்லோரும் அறிந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது. அந்த விளக்கத்தின் பிற்பகுதியைப் பலரும் வாசிப்பதில்லை. பத்திரம் சட்டப்படி பதிவாகி, உரிய புத்தகங்களில் ஏறி, அதன் விவரங்கள் அட்டவணையில் சரியாகப் பதியப்பட்டிருந்தால் மட்டுமே இந்த விதி செல்லும். அதாவது 1929-இலேயே சட்டம் ஒரு பரிமாற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறது: வாங்குபவர் தேட வேண்டும், அரசு தேடக் கிடைக்கும்படி எழுதி வைக்க வேண்டும். பின்னது இல்லாமல் முன்னதைக் கேட்க முடியாது. என் வாதத்தின் ஆதாரம் முழுவதும் இந்த நிபந்தனைதான்.

அதே திருத்தம் இன்னொரு விளக்கத்தையும் சேர்த்தது. நிலத்தில் இப்போது உண்மையில் குடியிருப்பவர் எவரோ, அவருக்குள்ள உரிமையை வாங்குபவர் அறிந்ததாகக் கொள்ளப்படும். குடியிருப்பவரைக் கேள் என்ற விதி இங்கிலாந்தில் 1809-இல் எல்டன் பிரபு தீர்த்த வழக்குவரை பின்னே போகிறது. வாடகைக்கு இருப்பவர் கையில் வாடகைச் சீட்டோடு விற்பனை ஒப்பந்தமும் இருக்கலாம் என்றார் அவர். 2000-இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கிலும் இதே நிலைதான். கடையில் வாடகைக்கு இருந்தவரே அதை வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தார். வெளியிலிருந்து வாங்கியவர்கள், அவர் வாடகைதாரர் என்பது எங்களுக்குத் தெரியும், வேறென்ன கேட்க வேண்டும் என்றார்கள். இருக்கிறார் என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த உரிமையில் இருக்கிறார் என்று அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் அவர்களைத் தோற்கடித்தது. சரியான தீர்ப்பு என்றே கருதுகிறேன். ஏழைகளின் உரிமைக்குப் பத்திரம் இருப்பதில்லை. கூரையும் அடுப்பும்தான் இருக்கின்றன. புத்தகம் மட்டுமே சாட்சி என்றால் அவர்கள் சாட்சியற்றவர்களாகிவிடுவார்கள். 1843-இன் சட்டம் மறந்த குடியானவரை இந்த விளக்கம் நினைவில் வைத்திருக்கிறது.

ஆக, இன்று நிலம் வாங்குபவர் மேசைமேல் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, வரி ரசீது, முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று. சான்றில் ஆவண எண், ஆண்டு, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், என்ன வகைப் பத்திரம் என்பவை வரிசையாக வரும். தமிழ்நாட்டில் 1975 முதலான விவரங்களை இணையத்திலேயே பார்க்க முடிகிறது. அதற்கு முந்தையதற்குக் கையால் எழுதிய புத்தகத்தைத் தேட வேண்டும். தேடுவது சர்வே எண்ணை வைத்து. பழைய பத்திரத்தில் பைமாஷ் எண் இருக்கும். பின்பு வந்த சர்வே எண் உட்பிரிவு ஆகியிருக்கும். நகரமாக வளர்ந்த இடத்தில் நகர அளவை எண் வேறு. ஓர் எண்ணை விட்டால் ஓர் அடமானம் கண்ணிலிருந்து தப்பிவிடும். பத்திரத்தின் முடிவில் எந்த வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏற்பட்டால் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கிறேன் என்று விற்பவர் உறுதி எழுதிக் கொடுப்பார். பணத்தோடு காணாமல் போகிறவர் எழுதித் தரும் உறுதிக்கு என்ன மதிப்பு இருக்கும்?

புத்தகத்திலேயே ஏறாதவை இதைவிட ஆபத்தானவை. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவது நெடுங்காலம் அவரவர் விருப்பமாக இருந்தது. தமிழ்நாடு 2012-இல் திருத்தம் கொண்டுவந்து ஒப்பந்தங்களையும் கட்டாயப் பதிவுக்குள் சேர்த்தது. இரண்டாவது கிரயதாரரைக் காக்கச் செய்யப்பட்ட நல்ல காரியம் அது. ஆனால் பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின் வரம்புரை, பதியப்பட வேண்டியும் பதியாத ஆவணத்தை ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் ஒப்பந்தத்துக்குச் சான்றாக ஏற்க இடம் தருகிறது. அதை மாநிலம் தொடவில்லை. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வரம்புரை அப்படியே இருப்பதால் தமிழ்நாட்டில் பதியாத விற்பனை ஒப்பந்தமும் அத்தகைய வழக்கில் ஏற்கத்தக்கதே என்றது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு சரி. விளைவு, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டிக்குள் பூட்டிய ஓர் ஒப்பந்தம், வில்லங்கச் சான்றில் எந்தத் தடயமும் இன்றிப் பின்னர் எழுந்து வர முடியும். முன்தேதியிட்டு எழுதிய போலி ஒப்பந்தத்துக்கும் அதே வாசல் திறந்திருக்கிறது. வாய்மொழியை நம்பி அட்வான்ஸ் கொடுக்கும் எளியவரைக் காக்கத்தான் அந்த வரம்புரை என்று சொல்வார்கள். எளியவர் நிலத்தில் குடியிருந்தால் அனுபவ விளக்கம் அவரைக் காக்கிறது. குடியில்லாமல் பணம் மட்டும் கொடுத்தவர் பணத்தைத் திரும்பக் கேட்க வரம்புரை திறந்திருக்கட்டும். அறியாமல் வாங்கிய மூன்றாமவருக்கு எதிராக மட்டும் பதியாத ஒப்பந்தம் செல்லாது என்று ஒரு வரி சேர்ப்பதில் எவருக்கும் அநீதி இல்லை. குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதன் அவசரம் கூடியிருக்கிறது. அதற்கு முன் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கொடுக்கச் சொல்லி வழக்கை முடிக்க நீதிபதிக்கு விருப்புரிமை இருந்தது; அது இப்போது பெருமளவு போய்விட்டது.

நிலுவையிலுள்ள வழக்கு அடுத்த பள்ளம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும். வழக்கு இருப்பது தெரியாது என்ற நல்லெண்ண வாதத்துக்கு அங்கே இடமே இல்லை. இடம் கொடுத்தால் ஒவ்வொரு தீர்ப்பையும் புதுக் கிரயதாரரைக் காட்டி முறியடித்துவிடுவார்கள் என்பதால் விதி அவசியம்தான். ஆனால் எந்த ஊர் நீதிமன்றத்தில் எவர் பெயரில் என்ன வழக்கு என்று வாங்குபவர் எப்படி அறிவார்? பம்பாய் மாகாணம் 1939-லேயே தன் எல்லைக்குள் ஒரு வழி கண்டது. வழக்கு நிலுவை அறிவிப்பைப் பதிந்தால்தான் 52-ஆம் பிரிவின் பலன் கிடைக்கும். இதை நாடு முழுவதற்கும் விரிக்கச் சட்ட ஆணையம் 1998-இல் பரிந்துரைத்தது. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 2010-இல் தீர்ப்பெழுதிய நீதிபதி ரவீந்திரன், வில்லங்கச் சான்று பார்த்து வாங்கிய நேர்மையாளர்கூட நிலுவை வழக்கால் சொத்தை இழப்பதைச் சுட்டி, அந்த மாற்றத்தை நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்றார். நாடு தழுவிய திருத்தம் இன்னும் வரவில்லை.

இதற்கு மருந்தாக அதிகாரியிடமே உரிமையைத் தீர்மானிக்கும் வேலையைக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அரசுகளுக்கு அடிக்கடி வருகிறது. 2022-இல் பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 77-அ பிரிவு, போலிப் பத்திரத்தை ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்கு அளித்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு விரோதமானதென்று நீக்கியது. மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவோம் என்ற விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீக்கியபோது, விற்பவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது பதிவு அதிகாரியின் வேலையில்லை என்றது. ஆந்திரத்தில் 2022-இன் நில உரிமைச் சட்டத்தை, அதிகாரிகள் கையில் நிலம் போய்விடும் என்ற மக்களின் அச்சத்துக்குப் பின் 2024-இல் திரும்பப் பெற்றார்கள். இந்த அச்சங்கள் நியாயமானவை. சாட்சியும் குறுக்கு விசாரணையும் இல்லாமல் ஒரு மேசையில் உரிமையைத் தீர்ப்பது ஆபத்து. ஆனால் தீர்ப்புச் சொல்வது வேறு, தெரிவிப்பது வேறு. ஒப்பந்தமும் வழக்கும் சரியான எண்ணோடு புத்தகத்தில் ஏற வேண்டும் என்று கேட்பது நீதிபதியின் வேலையை எவருக்கும் கொடுப்பதாகாது.

செலவை எவர் ஏற்பது என்ற கேள்விக்கு 1858-லேயே தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் ஒரு பதில் வைத்தார். அரசு தன் பதிவேட்டுக்கு உத்தரவாதம் தர வேண்டும். பதிவேட்டின் பிழையால் இழப்பவருக்கு, பதிவுக் கட்டணத்திலிருந்து திரட்டிய நிதியிலிருந்து ஈடு கிடைக்கும். அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கூட்டுக் குடும்பப் பாகமும் அனுபவ உரிமையும் நிறைந்த நிலத்தில் 1843-இன் தவறு திரும்பிவிடும். அதிலுள்ள ஈட்டு நிதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் கிரயம் பதிபவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்டுகிறார். அதிலிருந்து மிகச் சிறு பகுதியை ஒதுக்கினாலே, அட்டவணையில் விட்டுப்போன ஓர் அடமானத்தாலோ தவறான வில்லங்கச் சான்றாலோ வீட்டை இழந்தவருக்கு ஈடு கொடுக்க முடியும். இப்போது அப்படி ஏமாந்தவர் அலுவலகத்தை நோக்கித் திரும்பினால், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு எதிரே நிற்கிறது. பதிவு அதிகாரி தம் பதவியின் பெயரால் நல்லெண்ணத்தோடு செய்த எதற்கும், செய்ய மறுத்த எதற்கும் அவர்மீது வழக்கோ கோரிக்கையோ செல்லாது. தக்க கவனத்தோடு பார்த்தாரா, விசாரித்தாரா, பணம் கொடுக்குமுன் கேட்டாரா என்று வாங்குபவரின் நல்லெண்ணத்துக்கு 41-ஆம் பிரிவும் 19-ஆம் பிரிவும் விதிக்கும் நிபந்தனைகளில் ஒன்றுகூட அந்தப் பிரிவில் இல்லை.